அடுத்த அடி எடுக்க முடியாதபோது யாரிடம் போவது?

அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியும் ஊர் வீட்டுச் சாவிக்கொத்து என் கைப்பையிலேயே கிடந்தது. ஆறு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். மறதி நோய் முற்றிய கடைசி மூன்று வருடம் அம்மாவுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. ஆசிரியர் வேலையை அப்போதே விட்டிருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பும்போது எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்: "இனிமேலாவது உன் வாழ்க்கையைப் பார்." அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா? மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போவதா? கோயம்புத்தூரிலேயே இருப்பதா? விண்ணப்பப் படிவத்தை எடுப்பேன், பெயரை எழுதுவேன், அதோடு பேனாவை மூடிவிடுவேன். அழுகைகூட வரவில்லை.

இப்படி முடங்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றரை வருடத்தில் நானே நாலு வாசல் ஏறி இறங்கினேன். என்னைச் சுற்றியிருந்தவர்கள் சிலர் போன இடங்களையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்த வாசல் யாருக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. யோசனை எதுவும் சொல்லாமல், வந்தவர் தன் வழியைத் தானே கண்டடையும்வரை உடனிருந்து கேட்கும் முறைக்கு ஆள்மைய ஆலோசனை என்று பெயர். என் மனம் அதன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எங்கே உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.

கவுன்சலிங் என்பதற்குத் தமிழில் மூன்று பெயர்கள் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆலோசனை என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே, யாரோ நமக்கு யோசனை சொல்லப்போகிறார் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. ஆற்றுப்படுத்துதல் என்று எழுதுபவர்களும் உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு "இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார்" என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. அந்தக் கணக்கில் இந்தக் கட்டுரையும் ஒரு சிறிய ஆற்றுப்படைதான். இலங்கைத் தமிழர்கள் உளவளத்துணை என்கிறார்கள். உள்ளத்தில் ஏற்கெனவே ஒரு வளம் இருக்கிறது, அதற்குத் துணையாக ஒருவர் உடன் இருக்கிறார் என்ற பொருள் அதில் இருக்கிறது. நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு மூன்றில் மிகப் பொருத்தமான பெயர் அதுதான்.

நாம் எல்லோரும் முதலில் போவது சொந்தபந்தத்திடம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், இரவில் துணைக்குப் படுத்துக்கொண்டார்கள். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அண்ணன் அலைந்த அலைச்சலை எந்த ஆலோசகரும் அலைந்திருக்க மாட்டார். துக்கத்தின் முதல் மாதங்களைக் கடக்க இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் முடிவெடுக்கும் கட்டம் வந்தபோது நிலைமை மாறியது. அண்ணனுக்கு வீட்டில் பாதி உரிமை இருக்கிறது, அதனால் விற்றுவிடலாம் என்றார். நான் தனியாக இருப்பது சித்திக்குக் கவலை, நாற்பத்து மூன்று வயதிலும் வரன் பார்க்கலாம் என்றார். தோழி சென்னைக்கு வரச் சொன்னாள். ஒருவர் சொன்னதிலும் தப்பில்லை. அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சரி. கேட்டுக் கேட்டு என் தலைக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்துகொண்டிருந்தது. அதில் எனக்கு மட்டும் இடமில்லை.

சித்தி ஒருநாள் ஜோதிடரிடம் கூட்டிப்போனார். அவர் முக்கால் மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்படி யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பெயர்ச்சி முடியட்டும், எல்லாம் கூடிவரும் என்றார். ஒரு மாதம் மனம் லேசாக இருந்தது, ஏனென்றால் இது என் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு அந்தப் பொறுமை உதவலாம். எனக்கோ காத்திருப்பதே நோயாக இருந்தது. இன்னும் காத்திரு என்பது அதற்கு மருந்தாகவில்லை.

முடக்கம் உடம்பிலிருந்தும் வரலாம் என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் குடும்ப மருத்துவர். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடச் சொன்னார். தைராய்டு குறைந்தாலே உடலும் மனமும் மந்தமாகிவிடும். அது தெரியாமல் பல மாதங்கள் மனதைக் கிளறிக்கொண்டிருப்பது வீண். ரத்தப் பரிசோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது மனநல மருத்துவர். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அவரால்தான் விடிந்தது. புடவைக்கு ஃபால் அடிப்பதும் ஜாக்கெட் தைப்பதுமாக இருந்தவர், படிப்படியாக மெஷினைத் துணிபோட்டு மூடிவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமில்லை. உடம்பு இளைத்தது. தான் எல்லோருக்கும் பாரம் என்று சொல்லத் தொடங்கினார். பெரும்பாலான நாட்களில் நாள் முழுவதும் இப்படி இருந்து, அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும். மாத்திரை வேலை செய்வது தெரியவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறாவது வாரத்தில் ஒரு மாலை மெஷின் சத்தம் கேட்டு நான் ஜன்னலுக்கு ஓடினேன். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரை உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது கொடுமை. முதலில் தூக்கமும் பசியும் திரும்ப வர வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

என்னைப் பார்த்த மனநல மருத்துவர், இது இழப்பின் துக்கமும் தேக்கமும், இப்போதைக்கு மாத்திரை தேவைப்படவில்லை, பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சைக்குப் போங்கள் என்றார். அங்கேதான் உண்மையான தேர்வு தொடங்கியது, ஏனென்றால் பேச்சுவழிச் சிகிச்சை ஒரே மாதிரியானது இல்லை.

முதலில் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. சிபிடி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கிய வழி இது. மனதில் சட்டென்று ஓடும் எண்ணம் நம் உணர்ச்சியையும் செயலையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டுப் பழகுவதும், பயந்து ஒதுங்கும் காரியங்களைச் சிறிது சிறிதாகச் செய்துபார்ப்பதும் இதன் அடிப்படை.

சித்தப்பா மகனுக்கு இது அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. வேலைக்கான நேர்முகத் தேர்வு என்றாலே அவனுக்கு நெஞ்சு படபடக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று இடங்களில் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தான். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று தினமும் எழுதினான். முதல் வாரம் கண்ணாடி முன்னால் பேசினான், அடுத்த வாரம் என் முன்னால், பிறகு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால். பன்னிரண்டு சந்திப்புகளில் வாசலைத் தாண்டிவிட்டான். அவனுக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரியும். வழியில் பயம் குறுக்கே நின்றது, அதைத் தாண்டத்தான் உதவி வேண்டியிருந்தது.

அவன் சொல்லித்தான் நானும் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனேன். திறமையானவர், கனிவானவர். முதல் சந்திப்பில் இலக்கு என்ன என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று "ஜூன் மாதத்துக்குள் வேலைக்குச் சேர வேண்டும்" என்றேன். அதை இருவரும் சிறு சிறு படிகளாகப் பிரித்தோம். நான் வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடிக்கும் மாணவி. ஆறு சந்திப்பிலும் நோட்டு நிரம்பியிருந்தது. ஆனால் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம் மட்டும் மேசையைவிட்டு நகரவில்லை. வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது: ஜூன் மாதம் என்பது அண்ணன் சொன்ன கெடு. நான் அதை என் இலக்காக ஒப்பித்திருக்கிறேன். அந்த உளவியலாளர்மீது எந்தக் குறையும் இல்லை. எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவருக்கு வண்டியைக் கிளப்பிக் கொடுக்கும் முறை அது. எனக்கோ ஊர் பெயரே தெரியாமல் இருந்தது.

ஆள்மைய ஆலோசனை என்ற முறை, ஒரு தோல்வியில் ஒருவர் கற்ற பாடம். அந்த ஒருவர் கார்ல் ராஜர்ஸ், 1902இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த அமெரிக்க உளவியலாளர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் நல அமைப்பு ஒன்றில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தார். அடங்காத ஒரு பையனின் தாயை அங்கே பல வாரங்கள் சந்தித்தார். சிறுவயதில் அவனை அந்தத் தாய் ஏற்கவில்லை, அதுதான் காரணம் என்பது ராஜர்ஸின் கணிப்பு. பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண்ணிடம் எதுவும் ஏறவில்லை. கடைசியில், நாம் இருவரும் முயன்றோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்தத் தாயும் சம்மதித்துக் கைகொடுத்துவிட்டுக் கதவுவரை போனார். அங்கிருந்து திரும்பி, "பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றதும் மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துயரத்தையும் தான் தோற்றுப்போனதாக உணர்வதையும் கொட்டத் தொடங்கினார். அத்தனை வாரமாக ராஜர்ஸ் கேட்டுவந்த வரலாற்றில் இது எதுவும் இல்லை. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று அவர் எழுதியதற்குப் பின்னால் அந்தத் தாய் இருக்கிறார்.

1940 டிசம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ராஜர்ஸ் இந்தப் புதிய வழியை முன்வைத்தார். 1957இல் வெளியான கட்டுரையில், ஒருவர் மாறுவதற்கு ஆலோசகரிடம் என்ன இருக்க வேண்டும் என்பதையும் வரையறுத்தார். ஆலோசகர் முகமூடி போடாமல் உண்மையாக இருக்க வேண்டும். வந்தவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்க வேண்டும். அவர் உலகத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்தது அவருக்குப் புரியும்படியும் செய்ய வேண்டும். கேட்க எளிது. ஆனால் வாழ்நாளில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைத்த ஒரு மணி நேரத்தை எண்ணிப்பாருங்கள். எனக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நம் முடக்கத்துக்கு ராஜர்ஸ் சொன்ன விளக்கம் நம் வீடுகளைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. சொன்னபடி கேட்டால் அன்பு கிடைக்கும், கேட்காவிட்டால் முகம் மாறும் என்பதைக் குழந்தை சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. பிறகு தனக்கு என்ன பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு முன், பெரியவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கிறது. நாளடைவில் உள்ளே இருந்த அளவுகோல் மங்கிவிடுகிறது. "பொறுப்பான பெண்" என்று பெயர் எடுத்தே நாற்பது வருடம் ஓட்டியவள் நான். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் உண்மையிலேயே என்னிடம் பதில் இல்லை.

நான் போன ஆலோசகருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். ஒரு சந்திப்பு 50 நிமிடம், கட்டணம் 1,000 ரூபாய். முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. படிவம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, எங்கே தொடங்குவது என்றுகூடச் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அண்ணன் சொன்னது, சித்தி சொன்னது, தோழி சொன்னது என்று இருபது நிமிடம் பேசினேன். அவர் சொன்னார்: "அண்ணன் மனதில் என்ன இருக்கிறது, சித்தி மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. நீங்கள் மட்டும் இன்னும் இந்த அறைக்குள் வரவில்லையோ என்று தோன்றுகிறது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "வீட்டை விற்றுவிட்டால் நான் அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடும்" என்றேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் சொல்லியிருந்தால் "நீ செய்ததை வேறு யார் செய்வார்கள்?" என்று என் வாயை அடைத்திருப்பார்கள். நோட்டில் எழுதியிருந்தால் ஆதாரம் தேடியிருப்பேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. மெதுவாக, "அந்த வீடு இருக்கும்வரை, அம்மாவை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல" என்றார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அழுதேன்.

கிளிப்பிள்ளைபோல் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள் என்று இந்த முறையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர் சொன்னது நான் சொன்னது இல்லை. நான் சொன்னதற்கு ஓர் அங்குலம் கீழே இருந்தது. ஏழாவது வாரம், அம்மா இறந்த அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. நிபந்தனையற்ற ஏற்பு என்ற சொல்லின் பொருள் எனக்கு அந்த நொடியில் விளங்கியது. நோயாளியை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர்கள் பலர் இதே வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு அதன் பாரத்தில் அசையாமல் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கும் ஓர் எண்ணம் வருகிறது. ஆனால் அதைச் சொன்னால், நீங்கள் சமாளிக்க வேண்டிய குரல்களில் என் குரலும் சேர்ந்துவிடுமோ என்று தயங்குகிறேன்" என்றார். மழுப்பாமல் உள்ளதைச் சொன்னதால் அந்த மறுப்பு எனக்கு வலிக்கவில்லை.

ராஜர்ஸ் சிறுவயதில் நிலவறையில் பார்த்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த கிழங்கு, மண்ணும் நீரும் இல்லாத இருட்டிலும் முளைவிட்டது. வெளிறிய தண்டுகள் எட்டாத சிறு ஜன்னலின் வெளிச்சத்தை நோக்கி இரண்டு மூன்று அடி நீண்டன. அவை செடியாகப் போவதில்லை, இருந்தும் முயன்றன. முடங்கியவரிடம் முயற்சி இல்லை என்று நாம் திட்டுகிறோம். அவர் பார்த்ததோ, முயற்சி ஓயாமல் நடக்கிறது, சூழல்தான் இடம் தரவில்லை என்பதை. படிவத்தில் திரும்பத் திரும்ப என் பெயரை மட்டும் எழுதிவைத்ததை இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

பதினாலு சந்திப்புக்குப் பிறகு இடிபோல் ஒரு முடிவு எதுவும் வந்து விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வீட்டைத் திறந்தேன். பீரோவில் ஒரு தட்டை மட்டும் காலி செய்தேன். அடுத்த மாதம் இன்னொன்று. இப்போது வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பின்னறையில் அம்மாவின் சாமான்கள் இருக்கின்றன, அண்ணனும் ஒத்துக்கொண்டார். அருகிலுள்ள பள்ளியில் அரைநாள் வேலை பார்க்கிறேன். இந்த ஏற்பாட்டை அத்தனை பேரில் ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆய்வுகள் சொல்வதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு கொண்ட 510 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆள்மைய முறையிலும் மற்றவர்களுக்குச் சிபிடி முறையிலும் உதவினார்கள். 2021இல் வெளியான முடிவில், ஆறாவது மாதத்தில் ஆள்மைய முறை சிபிடிக்குச் சளைக்கவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிபிடி பெற்றவர்கள் சற்று முன்னே இருந்தார்கள். வெறும் பேச்சு, பலன் இல்லை என்பவர்களுக்கு முதல் பாதி பதில். எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்கள் இரண்டாவது பாதியை மறக்கக் கூடாது.

இது பொருந்தாத இடங்களும் தெளிவாகவே இருக்கின்றன. கையைத் திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி, திடீர் பீதி, லிஃப்டில் ஏறப் பயம் போன்றவற்றுக்குப் பயிற்சி சார்ந்த சிபிடி வகைகள்தான் முதலில். காதில் குரல் கேட்பவருக்கும், அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருபவருக்கும் மனநல மருத்துவர் அவசியம். குடியை விட வேண்டும் என்றும் தோன்றுகிறது, விடவும் முடியவில்லை என்று ஊசலாடுபவருக்கு, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்குவிப்பு நேர்காணல் முறை நல்லது. ராஜர்ஸின் கேட்கும் பண்பை எடுத்துக்கொண்டு, மாற்றத்தின் பக்கமாக மெல்ல நடத்திச் செல்வது அது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 181 என்ற உதவி எண்ணும் பாதுகாப்பான இடமும்தான் முதல் தேவை. கடன் கழுத்தை நெரிப்பவருக்கு வங்கியிலோ வழக்கறிஞரிடமோ பேசும் ஒருவர் வேண்டும். எதிரே நிற்பது உண்மையான சுவராக இருந்தால், அதைப் பற்றி எவ்வளவு ஆழமாக உணர்ந்தாலும் அது நகராது.

லைஃப் கோச் என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். தொழிலில் அடுத்த படிக்குப் போக விரும்பும், மனம் திடமாக உள்ளவருக்கு அது பயன்படலாம். துக்கத்தில் நிற்பவரை அங்கே அனுப்ப மாட்டேன்.

ஆள்மைய ஆலோசகரைத் தேடுபவர் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆலோசகர் என்று பலகை வைப்பவர்களின் பயிற்சியோ பெரிதும் வேறுபடுகிறது. ஆகவே போனிலேயே கேளுங்கள்: எந்த முறையில், எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள்? உங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் மூத்தவர் இருக்கிறாரா? என் பிரச்சினை உங்கள் எல்லைக்கு வெளியே என்றால் எங்கே அனுப்புவீர்கள்? இவற்றுக்கு முகம் சுளிப்பவரிடம் போக வேண்டாம். ஆள்மைய முறை என்று சொல்லிவிட்டு முதல் நாளே "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று தொடங்குபவரும் உண்டு. அவர் தருவது சித்தி தருவதுதான். சித்தியிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு சந்திப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலாவது சந்திப்பு முடிந்தும், வேறெங்கும் சொல்லாத ஒன்றைக்கூட அங்கே சொல்லத் தோன்றவில்லை என்றால், அதையே அவரிடம் சொல்லுங்கள்: "இங்கே எனக்கு எதுவும் நகரவில்லை என்று தோன்றுகிறது." அதைக் கேட்டதும் அவர் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசுகிறாரா, நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு "சொல்லுங்கள்" என்கிறாரா என்று பாருங்கள்.